மூளை ஆய்வில் எங்கள் பிள்ளைகளுக்கு இடமுண்டா?

கேள்வி: மகள் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறாள். மூளையைப் பற்றி ஆராய வேண்டுமாம். இனமும் நிறமும் பார்க்கும் உலகில் அவளுக்கு இடம் கிடைக்குமா?
– ஒரு தாய், வெல்லாவெளி

பதில்: உங்கள் பயம் வீண் பயம் இல்லை, சகோதரி. 1971இல் இலங்கையில் மருத்துவப் பீடம் புகச் சிங்கள மொழி மாணவருக்கு 229 புள்ளிகள் போதுமாயிருந்தன. தமிழ் மொழி மாணவருக்கு 250 வேண்டியிருந்தது.

கருவிகளிலும் பாகுபாடு உண்டு. மூளையின் மின்னலைகளைப் பதிய ஈஈஜி மின்வாய்கள் தலைத்தோலோடு ஒட்டியிருக்க வேண்டும். அடர்ந்த சுருள் முடியில் அவை சரியாகப் பதியாது. அதனால் கறுப்பினத்தவர் பலர் ஆய்வுகளிலிருந்து விடுபட்டுப் போயினர். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் படித்த ஆர்நெல் எட்டியென் என்ற கறுப்பின மாணவி இதற்கு வழி கண்டார். முடியை வரிசையாகப் பின்னி, அந்தப் பின்னல்களே மின்வாயை இறுக்கிப் பிடிக்கும்படி கிளிப் அமைத்தார். எல்லாச் சமூகத்தவரும் ஆய்வுகூடத்தில் இருப்பது சலுகை அல்ல, அறிவியலின் தேவை.

இன்று பல்கலைக்கழக அனுமதியில் மாவட்ட ஒதுக்கீடு உண்டு. பின்தங்கிய மாவட்டங்களுக்கான மேலதிக இடங்களில் உங்கள் மட்டக்களப்பு மாவட்டத்துக்கும் பங்குண்டு. மகளைத் தடுக்காதீர்கள்; துணிந்து படிக்கச் சொல்லுங்கள்.