பழைய ஸ்டீல் கிட்டார் ஆம்ப்ளிஃபையரும் என் முதல் ரிப்பேரும்



நம்மில் பலர் மல்டிமீட்டரை ரெக்கார்டு நோட்டுக்கு ரீடிங் எடுக்க மட்டுமே தொட்டிருப்போம். நானும் அப்படித்தான். போன நவம்பரில் பக்கத்துத் தெரு தாத்தா ஒருவர் பழைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் மாலையில் வேலை பார்க்கும் ரேடியோ கடைக்கு வந்தார். கப்பலில் வேலை பார்த்தபோது வாங்கியதாம். கோயிலில் கிறிஸ்துமஸுக்கு ஹவாயன் கிட்டார் வாசிப்பவர். "தம்பி, சத்தம் வருது. ஆனா பாட மாட்டேங்குது. இரையுது" என்றார். கடை அண்ணாச்சி, "இவன் டிப்ளமா படிக்கான், இவன் பாப்பான்" என்று என் தலையில் கட்டிவிட்டார். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

பெட்டி ஃபெண்டர் சாம்ப், 5எஃப்1 சர்க்யூட். 1950-களின் பிற்பகுதிச் சரக்கு. சாம்ப் வரிசையே ஸ்டீல் கிட்டார் பழகுபவர்களுக்காகப் பிறந்தது. 1940-களின் இறுதியில் மடியில் வைத்து வாசிக்கும் ஸ்டீலோடு சேர்த்தே விற்றார்கள். இன்னும் பின்னால் போனால், 1932-ல் விற்பனைக்கு வந்த ரிக்கன்பேக்கர் 'ஃப்ரையிங் பேன்' என்ற எலெக்ட்ரிக் கிட்டாரும் ஹவாயன் ஸ்டீல்தான். கம்பியின் மேல் இரும்புத் துண்டை வழுக்கி வாசிக்கும் இந்த முறையைப் பரப்பியவர் ஹவாய்த் தீவின் ஜோசப் கெகுகு.

இந்த வாத்தியத்துக்கு ஏன் தெளிவான சத்தம் வேண்டும்? ராக் கிட்டார்காரர் டிஸ்டார்ஷனைத் தேடிப் போவார். ஸ்டீல்காரருக்கு அது எதிரி. இரண்டு கம்பியைச் சேர்த்து மீட்டி வழுக்குகிறோம் என்று வையுங்கள். ஒன்று 400 ஹெர்ட்ஸ், இன்னொன்று 475. ஆம்ப்ளிஃபையர் அலையை வெட்டினால் கழித்து வரும் 75-ம், கூட்டி வரும் 875-ம் அழைக்காத விருந்தாளியாக உள்ளே நுழையும். தாத்தா சொன்ன "இரையுது" இதுதான்.

சர்க்யூட் எளிது. 12ஏஎக்ஸ்7 ஒன்று, 6வி6 ஒன்று, 5ஒய்3 ரெக்டிஃபையர் ஒன்று, 8 அங்குல ஸ்பீக்கர். மொத்தம் 5 வாட். டோன் கன்ட்ரோலே கிடையாது, வால்யூம் மட்டும்.

அதற்கு முன் கரண்ட். இது 117 வோல்ட் அமெரிக்கப் பெட்டி. நம் 230-ல் நேராகச் செருகினால் கதை முடிந்தது. தாத்தா ஒரு ஸ்டெப்-டவுன் வைத்திருந்தார். திறந்து பார்த்தால் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர். அதில் பிரைமரியும் செகண்டரியும் ஒரே சுற்று, மெயினிலிருந்து பிரிவே இல்லை. பெட்டியிலோ இரண்டு பின் வயர், எர்த் இல்லை. கம்பியைத் தொட்டுக்கொண்டே வாசிக்கும் மனிதர் அவர்! ஆகவே முதலில் தனித்தனிச் சுற்றுள்ள டிரான்ஸ்ஃபார்மரை மாற்றினோம். மூன்று பின் வயர் போட்டு எர்த்தை சேசிஸில் இறுக்கினோம். 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த பவர் டிரான்ஸ்ஃபார்மர் நம் 50 ஹெர்ட்ஸில் கொஞ்சம் கூடுதலாகச் சூடாகும். பின்பக்கம் காற்று போக இடம் விடவேண்டும்.

அடுத்தது என் முட்டாள்தனம். பிளக்கைப் பிடுங்கியாச்சே என்று ஃபில்டர் கெப்பாசிட்டர் பக்கம் விரலை வைத்தேன். 300 வோல்ட்டுக்கு மேல் டிசி. கை இரண்டு நாள் மரத்திருந்தது. வீட்டில் சொல்லவில்லை. கரண்ட் வேலை என்றாலே அம்மாவுக்குப் பயம். படிப்பை நிறுத்தச் சொல்லிவிடுவார்கள். நீங்கள் இதைச் செய்யாதீர்கள். பிளக்கைக் கழற்றி, 10 கிலோ ஓம் 5 வாட் ரெசிஸ்டர் வழியே கெப்பாசிட்டரை சேசிஸுக்கு வடியவிட்டு, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே கை வைக்கவும். ஒரு கை சட்டைப்பையில் இருக்கட்டும்.

ஹம்மிங்கைக் காதால் பிரிக்கலாம். ஃபுல் வேவ் ரெக்டிஃபையர் ஆகையால் ஃபில்டர் செத்தால் 100 ஹெர்ட்ஸில் உறுமும். எர்த் அல்லது ஹீட்டர் வயரிங் கோளாறு என்றால் 50-ல், இன்னும் தாழ்ந்து முனகும். எங்கள் பெட்டியில் 100. முதல் ஃபில்டர் 16 மைக்ரோ ஃபாரட். கடையில் கிடைத்தது 22, 450 வோல்ட். பரவாயில்லை. ஆனால் பெரிதாக இருந்தால் நல்லது என்று 100 போட்டுவிடக் கூடாது. சார்ஜ் ஆகும் கரண்ட்டில் 5ஒய்3 சீக்கிரம் போய்விடும்.

ஹம்மிங் அடங்கியது, இரைச்சல் அடங்கவில்லை. வால்வுதான் போச்சு என்று அண்ணாச்சி சொன்னார். புது 6வி6 விலை தாத்தாவின் கைக்கு எட்டாது. அளந்து பார்க்கலாம் என்று 6வி6-ன் கேத்தோடில் மீட்டர் வைத்தேன். 19 வோல்ட் ஒட்டி இருக்க வேண்டும், 24 காட்டியது. கேத்தோடு ரெசிஸ்டர் 470 ஓம். ஓம் விதிப்படி 51 மில்லி ஆம்பியர். நியாயமாக 40 தான். பிளேட்டில் 310 வோல்ட். வால்வு 13 வாட்டைத் தாண்டி வேகிறது. அது தாங்குவது 12. கிரிட்டில் பார்த்தால் பூஜ்யத்துக்குப் பதில் பிளஸ் 5. அந்த 5 எங்கிருந்து வரும்? முந்தைய வால்வின் பிளேட்டையும் இந்த கிரிட்டையும் இணைக்கும் 0.02 மைக்ரோ ஃபாரட் கப்ளிங் கெப்பாசிட்டர் டிசியைக் கசிய விடுகிறது. முதல் வருடத்தில் "கெப்பாசிட்டர் டிசியைத் தடுக்கும்" என்று மனப்பாடம் செய்த வரி. தடுக்காமல் போனால் என்ன ஆகும் என்று அன்றுதான் புரிந்தது.

0.022, 630 வோல்ட் பாலியஸ்டர். டீ குடிக்கிற காசு. மாற்றியதும் கிரிட் பூஜ்யம், கேத்தோடு 19.5. பழைய வால்வே போதும்.

மீதி எல்லாம் பழக்கம். இன்புட் இரண்டில் 2-ம் நம்பரில் செருகினால் சிக்னல் பாதியாகும். ஸ்டீலுக்கு அதுவே சுகம். வால்யூம் 12 வரை உண்டு, 4-ஐத் தாண்டாதீர்கள். சத்தம் போதாவிட்டால் ஸ்பீக்கர் முன் மைக் வையுங்கள். கிட்டார் வயர் நீளமாக இருந்தால் அதன் கெப்பாசிட்டன்ஸ் மேல் சுரத்தைத் தின்னும். 3 மீட்டர் போதும். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு மட்டும் ஆன் செய்யாதீர்கள், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். பெட்டியைத் தரையில் வைக்காமல் நாற்காலியில் ஏற்றினால் வாசிப்பவர் காதுக்கு நேராகக் கேட்கும்.

டிசம்பர் 23 இரவு கடையிலேயே வாசித்துப் பார்த்தார். இரண்டு கம்பியைச் சேர்த்து மெதுவாக மேலே வழுக்கினார். இரைச்சல் இல்லை. மறுபடி வழுக்கினார். "இப்போ பாடுதுல்லா" என்றார். அண்ணாச்சி கேட்ட கூலியில் பாதியை என்னிடம் கொடுத்தார். கழற்றிய பழைய கெப்பாசிட்டர்களை ஒரு கவரில் போட்டு, தேதியும் மாற்றிய மதிப்பும் எழுதி, பெட்டிக்குள்ளேயே ஒட்டி வைத்திருக்கிறேன். அடுத்து திறப்பவருக்கு உதவும்.