விற்றமின் சியும் முகச் சருமமும்

சுன்னாகம் சந்தையில் வாங்கிய தேசிக்காயை அரிந்து, அதன் பாதியை முகத்தில் தேய்த்துக்கொண்டு வெயிலில் நிற்கும் வழக்கம் நம் யாழ்ப்பாணக் குடாநாட்டில் இன்னும் முற்றாக ஒழிந்துவிடவில்லை. அக்காயில் விற்றமின் சி உண்டென்பது சத்தியமேயாயினும், அதன் கடும் புளிப்பு சருமத்தை எரிப்பதோடு, அதன் தோலிலுள்ள சில இரசாயனங்கள் வெயில் படுமிடத்து ஓரிரு நாளிற் கொப்புளத்தையும், பல வாரங்கள் மறையாத கருமையையும் உண்டாக்க வல்லனவாதலின், இவ்வழக்கத்தை இன்றே கைவிடுமாறு வேண்டுகின்றேன்.

மருந்துக்கடையில் விற்கும் விற்றமின் சி சீரம் வேறு. அதில் நூற்றுக்கு 10 முதல் 20 பங்கு அஸ்கோபிக் அமிலம், அதாவது விற்றமின் சி, இருந்தாற் போதும். அதற்கு மேற்பட்டால் எரிச்சலே பெருகும். காலையில் முகம் கழுவித் துடைத்தபின் நாலைந்து துளி பூசி, அதன்மேல் சன்கிறீமும் தவறாது தடவி வருவோர்க்குச் சில மாதங்களிற் கரும்புள்ளிகள் ஓரளவு மங்கவும், மெல்லிய சுருக்கங்கள் சிறிது தணியவும் கூடும். ஆழ்ந்த மங்கு இதனால் மட்டும் தீராது. பிறவி நிறமும் மாறாது, மாறவேண்டிய அவசியமும் இல்லை.

காற்றும் ஒளியும் உஷ்ணமும் இச்சீரத்திற்குப் பரம விரோதிகள். சித்திரை வெக்கையில் யன்னலோரம் வைத்த சீரம் மஞ்சளித்துக் கபில நிறமாகிவிடுமாதலின், நிறக் கண்ணாடிப் போத்தலிற் சிறிதளவே வாங்கிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, கபிலமானதை விலை கருதாது எறிந்துவிடுக. முதன்முறை பூசுவோர் முழங்கையின் உட்புறத்திற் சில நாள் பூசிப் பார்த்த பின்னரே முகத்திற்குக் கொண்டுசெல்க. ஏற்கெனவே தோல்நோய்க்கு மருந்து பூசுவோர் சரும வைத்தியரைக் கேளாது தொடவேண்டாம்.