பண்ணைக் குளத்தில் மண்புழுத் தூண்டிலின் உபயோகம்

குளத்து மீனைப் பிடியாது விட்டால் அது பெருகிப் பருக்கும் என்று குடியானவர்கள் பலர் எண்ணுவதுண்டு. பெருகும் என்பது மெய். பருக்கும் என்பது மெய்யன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியிலுள்ள அலபாமா மாகாணத்துப் பண்ணைக் குளங்களின் அனுபவம் இதனைத் தெளிவாக்கும்.

அக்குளங்களில் முக்கியமாக வளர்க்கப்படுவது புளூகில் என்னும் நீலச் செவுள் மீன். பொரிக்கும் சட்டியில் முழுதாக அடங்கும் இத்தகைய மீன்களை அந்நாட்டார் 'சட்டி மீன்' என வழங்குவர். கோடையில் ஆண் மீன் ஆழமில்லாத கரையோரத்தில் வாலால் மண்ணை ஒதுக்கித் தட்டுப் போன்ற குழி செய்யும். பெண் மீன் அதில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஒரே கோடையில் இது பன்முறை நிகழும். குளத்து ஜலத்தில் விளையும் ஆகாரமோ ஓரளவினதே. நெருக்கி விதைத்த நாற்றைப் போல, மீன் மிகுந்தால் யாவும் இளைத்து 3, 4 அங்குலத்திலேயே நின்றுவிடும். இதே இன மீன் ஒன்று 1950ஆம் வருஷத்தில் அம்மாகாணத்துக் கீட்டோனா ஏரியில் 4 ராத்தல் 12 அவுன்ஸ் எடையுடன் பிடிபட்டது. நெருக்கத்தினால் விளையும் நஷ்டத்தை இதனால் அறியலாம்.

ஆபர்ன் நகரத்து விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் 1930ஆம் வருஷத்திற்குப் பின் ஹோமர் ஸ்விங்கிள் என்பவர் இவ்விஷயத்தைப் பரிசோதித்தார். உரமிட்ட குளத்தில் ஏக்கருக்கு நீலச் செவுள் குஞ்சு 1,500, அவ்வினத்தைத் தின்னும் பாஸ் மீன் குஞ்சு 100 விடலாமென்று அக்காலத்தில் அவர் சிபாரிசு செய்தார். சிறு குஞ்சுகளைப் பாஸ் மீன் குறைக்கும். வளர்ந்தவற்றைக் குறைப்பது குளத்துக்குடையவர் கடமை. அதற்கு எளிய சாதனம் மண்புழுத் தூண்டிலே.

எருக்குவியலின் ஓரத்திலும் மக்கிய இலைகளின் அடியிலும் கிடைக்கும் புழுக்களை ஈரமண்ணுடன் தகரக் குவளையிலிட்டு நிழலில் வைக்க வேண்டும். இம்மீனின் வாய் மிகச் சிறிது. ஆகையால் முள்ளும் சிறிதாயிருத்தல் அவசியம். முழுப் புழுவைக் கோத்தால் தொங்கும் நுனியை மட்டும் கடித்துக்கொண்டு மீன் போய்விடும். முள் மறையுமளவு ஒரு துண்டு கோத்து, நுனி சற்றே நெளியும்படி விடுதல் போதும். மூங்கிற் கழி, மெல்லிய நூல், சிறு தக்கை, மிளகளவு ஈயக்குண்டு ஆகியவையே தேவை. காலையிலும் மாலையிலும் கரையோரத்தில் போடலாம். வெயில் ஏறியபின் ஆழத்தில் விட வேண்டும். தக்கை நகர்ந்து அமிழும்போது மெதுவாகச் சுண்டுக.

நெருக்கமுள்ள குளத்தில் அகப்பட்டதைச் சிறிதென்று திரும்ப விடுவது தயையன்று. மற்ற மீன்களுக்குச் செய்யும் தீங்காகும். பாஸ் மீனையோ அது ஒருமுறை முட்டையிடும் வரையில் பிடிக்கலாகாது. நெருக்கம் முற்றிய குளத்திற்குத் தூண்டில் மட்டும் போதாது. வலையிட வேண்டும், அல்லது ஜலத்தை வடித்து மீண்டும் தொடங்க வேண்டும்.

1952ஆம் வருஷத்தில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக் கெண்டையும் இக்குணமுடையதே. பிறந்த சில மாதங்களிலேயே முட்டையிடத் தொடங்கி, முட்டையையும் குஞ்சையும் வாயில் வைத்துக் காப்பதால் அது விரைவில் நெருங்கிக் குறுகிவிடும். அதுவும் மண்புழுவுக்கு அகப்படும். ஆகவே தம் குளத்தில் கையளவுக்குக் குறைந்த ஜிலேபியே மிகுதியாகக் காண்போர் அதனை இடைவிடாது பிடித்து வருதல் நலம். கிராமப் பொது ஏரியாயின் மீன்பாசிக் குத்தகைதாரரின் சம்மதம் பெற்றே தூண்டிலிட வேண்டுமென்பதைக் கிராம அதிகாரிகள் குடிகளுக்கு எடுத்துரைப்பார்களாக.