எல்லா ஆப்புக்கும் ஒரே டேட்டா விலை: இந்த உரிமை உங்களுக்குத் தெரியுமா?

காலையில் போனை எடுத்து நாமக்கல் முட்டை விலை பார்க்கிறீர்கள். அப்புறம் பட்டா சிட்டா, கரண்ட் பில், ஒரு வீடியோ. எதைத் திறந்தாலும் ஒரு எம்.பி. டேட்டாவுக்கு ஒரே விலைதான். "இந்தத் தளம் இலவசம், அந்தத் தளத்துக்குக் கூடுதல் காசு" என்று உங்கள் சிம் நிறுவனம் சொல்ல முடியாது. இதைத்தான் 'நெட் நியூட்ராலிட்டி', அதாவது இணையச் சமநிலை என்கிறோம்.

எப்படி வந்தது?

2015 பிப்ரவரியில் ஃபேஸ்புக், ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸுடன் சேர்ந்து ஒரு திட்டத்தைத் தொடங்கியது. தமிழ்நாடும் அதில் இருந்தது. 30-க்கும் மேற்பட்ட தளங்களை மட்டும் டேட்டா கட்டணம் இல்லாமல் பார்க்கலாம். பின்னர் இதற்கு 'ஃப்ரீ பேசிக்ஸ்' என்று பெயர் மாறியது.

இணையமே பார்க்காத ஏழைக்கு இதுவாவது கிடைக்கட்டுமே என்று பலர் சொன்னார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் எது இலவசம், எது கட்டணம் என்பதை முடிவு செய்வது யார்? பார்க்கிற நீங்கள் அல்ல, நிறுவனங்கள்தான்.

இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 2015-இல் மக்களிடம் கருத்து கேட்டபோது, 10 லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் குவிந்தன. 2016 பிப்ரவரி 8 அன்று, தளத்தைப் பார்த்து டேட்டா விலையை மாற்றக் கூடாது என்று டிராய் தடை விதித்தது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம் ரூபாய் அபராதம். தளங்களைத் தடுப்பதும் வேகத்தைக் குறைப்பதும் கூடாது என்ற கொள்கையை 2018 ஜூலையில் மத்திய அரசும் ஏற்றது.

நம்ம ஊருக்கு என்ன லாபம்?

ராசிபுரத்தில் ஒரு பட்டதாரி, லாரிகளுக்கு ரிட்டர்ன் லோடு பிடித்துக் கொடுக்கும் ஆப் ஒன்றை உருவாக்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாக்பூரில் சரக்கை இறக்கிய சங்ககிரி டிரைவர், காலி வண்டியோடு திரும்பாமல் இருக்க அது உதவும். அதே வேலையைச் செய்யும் பெரிய நிறுவனம் ஒன்று, சிம் நிறுவனத்துக்குப் பணம் கட்டித் தன் ஆப்பை இலவசமாக்கிவிட்டால்? டேட்டா தீரும் நிலையில் இருக்கும் டிரைவர் எதைத் திறப்பார்? ராசிபுரத்து ஆப் நன்றாகவே இருந்தாலும் ஆள் வராது.

ஆள் வராத தொழிலில் யாரும் பணம் போட மாட்டார்கள். ட்விட்டரில் தொடக்கத்திலேயே முதலீடு செய்த அமெரிக்கர் ஃபிரெட் வில்சன், 2014 ஜனவரியில் இதைத்தான் எச்சரித்தார். பெரிய நிறுவனங்கள் இலவசப் பாதையை வாங்கிவிட்டால், யோசனை பிடித்திருந்தாலும் புதியவர்களை முதலீட்டாளர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றார். சேலம் கொலுசையோ ஜவ்வரிசியையோ ஆன்லைனில் விற்கத் தொடங்கும் சிறு வியாபாரிக்கும் இதே கணக்குதான்.

நீங்கள் கவனிக்க வேண்டியவை

1. நேரத்தையும் அளவையும் பொறுத்து டேட்டா விலை மாறலாம். இரவு நேரச் சலுகை தவறில்லை. 'இந்த ஆப்புக்கு மட்டும் டேட்டா இலவசம்' என்றால் கேள்வி கேளுங்கள். அவசர காலச் சேவைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு.

2. ரீசார்ஜோடு சினிமா ஆப் சந்தா இலவசம் என்றால், சந்தாவுக்குத்தான் காசு இல்லை. படம் பார்க்க டேட்டா செலவாகும்.

3. ஒரு தளம் மட்டும் திறக்கவில்லையா? வேறு சிம்மிலும் வைஃபையிலும் பாருங்கள். எதிலும் வரவில்லை என்றால் தளத்திலேயே கோளாறு இருக்கலாம். அரசோ நீதிமன்றமோ சட்டப்படி முடக்கிய தளம் என்றால் அது வேறு விஷயம்.

4. உங்கள் சிம்மில் மட்டும்தான் சிக்கல் என்றால், 198-க்கு அழைத்துப் புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். தீரவில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் செல்லலாம். டிராய் தனிநபர் புகார்களை நேரடியாக விசாரிப்பதில்லை.

5. புதிய விதி கொண்டுவரும் முன் டிராய் தன் இணையதளத்தில் கலந்தாய்வு அறிக்கை வெளியிடும். அதற்கு யார் வேண்டுமானாலும் கருத்து அனுப்பலாம். அடுத்த முறை வரும்போது உங்கள் கருத்தையும் எழுதி அனுப்புங்கள். 2015-இல் மின்னஞ்சல் அனுப்பியவர்களும் உங்களைப் போல போன் வைத்திருக்கும் சாதாரண மக்கள்தான்.