லைன் வாங்கும் முன் ஐபியைச் சரிசெய்யுங்கள்

ஆம்பூரில் ஷூ தொழிற்சாலை, ராணிப்பேட்டையில் டேனரி, சென்னை பெரியமேட்டில் அலுவலகம். கணக்கையும் ஸ்டாக்கையும் கிளவுடில் வைப்பது என்று முடிவானதும் முதலாளிகள் கேட்பது லீஸ்டு லைன் என்ன விலை என்பதுதான். விலை அப்புறம். மூன்று இடத்திலும் என்ன ஐபி ஓடுகிறது என்று முதலில் பாருங்கள்.

பெரும்பாலும் எல்லா இடத்திலும் ரூட்டரோடு வந்த 192.168.1.0 தொடரே இருக்கும். தனித்தனியாக இருக்கும்வரை தொல்லையில்லை. இணைத்தபின், 192.168.1.20 என்பது ஆம்பூர் டாலி சர்வரா, ராணிப்பேட்டை பிரிண்டரா என்று ரூட்டருக்குத் தெரியாது. ஆம்பூருக்கு 10.20, ராணிப்பேட்டைக்கு 10.30, பெரியமேட்டுக்கு 10.40, கிளவுடுக்கு 10.100 என்று பிரித்து, விடுமுறை நாளில் மாற்றுங்கள். கையால் ஐபி போட்டு வைத்த பிரிண்டர், கேமரா ரெக்கார்டர், வருகைப்பதிவு மெஷின் எல்லாவற்றையும் முன்பே எழுதி வையுங்கள். வருகைப்பதிவு மெஷினை மறந்தால் மறுநாள் காலை ஷிப்டே கேட்டில் நிற்கும்.

அடுத்தது இணைப்பு. டாலிக்கும் ஆர்டர் விவரத்துக்கும் ஐபிசெக் விபிஎன் தாராளம். அமேசான் கிளவுட் ஒரு விபிஎன்னுக்கு இரண்டு டனல் தருகிறது. ஒன்றை மட்டும் போட்டுவிட்டு நிறுத்துகிறவர்கள் அதிகம். இரண்டையும் போடச் சொல்லுங்கள். ரூட்டரின் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையான எண்ணில் தொடங்கினால் அது உங்களுக்கே உரிய முகவரி அல்ல. ஸ்டாடிக் ஐபி கேட்டு வாங்குங்கள். இரண்டு கம்பெனி லைன் எடுத்தும் இரண்டு ஃபைபரும் ஒரே பள்ளத்தில் வந்தால், நெடுஞ்சாலை ஓரம் தோண்டும் ஒரு ஜேசிபி போதும். அவை எந்த வழியாக வருகின்றன என்று கேளுங்கள். டனல் ஏறியும் பெரிய ஃபைல் மட்டும் பாதியில் நின்றால் ரூட்டரில் எம்எஸ்எஸ் (ஒரு பாக்கெட்டில் போகும் தரவின் உச்ச அளவு) எண்ணை 1350 வாக்கில் குறைத்துப் பாருங்கள்.

டைரக்ட் கனெக்ட், எக்ஸ்பிரஸ்ரூட் போன்ற தனி லைன்கள், நாள் முழுக்கப் பெருந்தரவு ஓடும் நிறுவனங்களுக்கு. தனி லைன் என்பதாலேயே அதில் போகும் தகவல் தானாக என்கிரிப்ட் ஆகிவிடாது.

டேனரிக்காரர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். டேனரிக் கழிவுநீர் குறித்த 1996 உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் கண்ட ஊர்கள் இவை. கழிவுநீர் மீட்டரின் எண் மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்துக்கு நேரடியாகப் போகும் இடத்தில், அந்த மீட்டரையும் டிரம் கன்ட்ரோல் பேனலையும் தனி விஎல்ஏஎன்னில் வைத்து, கிளவுட் டனலிலிருந்து அங்கே வழியே இல்லாமல் ஃபயர்வாலில் அடைத்துவிடுங்கள்.

வேலை முடிந்ததென்று இணைப்பு போட்டவர்களிடமிருந்து பில் வரும். டாலியில் ஒரு இன்வாய்ஸைத் திறந்து வைத்து, அவர்கள் எதிரிலேயே முதல் லைன் கேபிளைப் பிடுங்குங்கள். சில விநாடி தடங்கலுக்குப் பின் அந்த இன்வாய்ஸ் சேவ் ஆனால் பாக்கியைக் கொடுங்கள்.