ஹிட்ச் மாட்டுவதற்கு முன் வண்டிக்கு அடியில் பாருங்கள்

அமெரிக்காவிலும் கனடாவிலும் பிக்அப் வாங்குகிற நம்மவர்கள் சாவி கைக்கு வந்ததும் கேட்கும் கேள்வி, "இது எவ்வளவு இழுக்கும்?" விற்பனையாளர் விளம்பரத்தில் இருக்கும் பெரிய எண்ணைச் சொல்லி அனுப்பிவிடுவார். அந்த எடையை உண்மையில் தாங்குவது வண்டிக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் இரண்டு எஃகுச் சட்டங்களும், டிரெய்லர் மாட்டும் ஹிட்சை அவற்றோடு பிணைக்கும் சில போல்டுகளும்தான். ஹைவேயில் டிரெய்லர் கழன்றால் அடிபடுவது பெரும்பாலும் பின்னால் வருகிற குடும்பம். இந்த வாரக் கடைசியில் மாட்டப்போகிறீர்கள் என்றால், ரெஞ்சைத் தொடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

செய்ய வேண்டியவை

• உங்கள் வண்டி எந்த வகை என்று முதலில் உறுதி செய்யுங்கள். ஃபோர்டு எஃப்-150, ஷெவி சில்வராடோ, டொயோட்டா டகோமா போன்றவற்றில் ஏணி வடிவ ஃபிரேம் தனியாக இருக்கும். கேபினும் பின்பெட்டியும் அதன்மேல் போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும். ஹோண்டா ரிட்ஜ்லைன், ஃபோர்டு மேவரிக், ஹூண்டாய் சான்டா குரூஸ் மூன்றும் யூனிபாடி, அதாவது பாடியேதான் ஃபிரேம். மேவரிக் சாதாரணமாக 2,000 பவுண்டு இழுக்கும். அதற்கான டோ பேக்கேஜோடு வாங்கியிருந்தால் 4,000. தோற்றத்தைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்.

• சிறு சுத்தியலால் ஃபிரேமைத் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. மந்தமாகக் கேட்டாலோ, செதில் செதிலாக உதிர்ந்தாலோ வேலையை அங்கேயே நிறுத்துங்கள். ஒன்டாரியோ, மிச்சிகன் போன்ற இடங்களில் பனிக்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு, பெட்டிபோல் மூடிய சட்டத்துக்குள் புகுந்து உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். ஃபிரேம் துரு வழக்கில் டொயோட்டா 2016-இல் சமரசத்துக்கு வந்தது. அதில் 2005 முதல் 2010 வரையிலான டகோமாக்களும் 2007, 2008 டன்ட்ராக்களும் அடக்கம். பழைய வண்டி வாங்கியவர்கள், ஃபிரேம் மாற்றப்பட்டதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

• எல்லா எண்களையும் எழுதி, அதில் சிறியதை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி, ஹிட்ச், பால் மவுண்ட், அதன்மேல் உட்காரும் உருண்டையான பால், அதைக் கவ்வும் டிரெய்லரின் கப்ளர் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எல்லை உண்டு. 8,000 பவுண்டு ஹிட்சில் 3,500 பவுண்டு பால் போட்டால் உங்கள் எல்லை 3,500.

• டங் வெயிட்டைக் கணக்குப் போடுங்கள். பால் மீது அழுந்தும் எடை, டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்கவேண்டும். 4,000 பவுண்டு டிரெய்லருக்கு 400 முதல் 600. குறைந்தால் டிரெய்லர் இடமும் வலமும் ஆட ஆரம்பிக்கும். கூடினால் வண்டியின் பின்புறம் அமுங்கி முன்சக்கரங்கள் லேசாகிவிடும், ஸ்டியரிங் பிடி கொடுக்காது. இன்னொன்று: இந்த எடை உங்கள் பேலோடில், அதாவது வண்டி சுமக்கக்கூடிய எடையில் சேரும். டிரைவர் கதவுச் சட்டத்து ஸ்டிக்கரில் 1,400 என்று இருந்து, உள்ளே இருப்பவர்கள் 800, டங் வெயிட் 500 என்றால், மிச்சம் 100 பவுண்டுதான். சாப்பாட்டுக் கூலரும் பெட்டிகளுமே அதைத் தாண்டிவிடும்.

• உங்கள் மாடலுக்கும் ஆண்டுக்கும் என்றே செய்த ஹிட்சை வாங்குங்கள். அது பெரும்பாலும் ஃபிரேமில் ஏற்கெனவே இருக்கும் துளைகளில் பொருந்தும்.

• கிட்டில் வரும் தடித்த ஸ்பேசர் பிளேட்டை விடாமல் போடுங்கள். பெரிய துளைக்குள் போல்ட்டின் தலை புதைந்துபோகாமல் காத்து, அழுத்தத்தைப் பரப்புவது அதுதான். கூடவே வரும் சுருள் கம்பி, போல்ட்டைச் சட்டத்துக்குள்ளிருந்து இழுத்து வெளியே கொண்டுவர.

• ஹிட்ச் உட்காரும் இடத்தில் துருவையும் தடித்த அண்டர்கோட்டிங்கையும் சுரண்டுங்கள். நடுவில் மெத்தென்று ஏதாவது இருந்தால் நாளடைவில் போல்ட் தளரும்.

• டார்க் ரெஞ்ச் வைத்து, கையேட்டில் உள்ள அளவுக்கே முறுக்குங்கள். இம்பாக்ட் கன் சத்தம் போடும், அளவு சொல்லாது. முதல் பயணம் முடிந்ததும் மறுபடி சோதியுங்கள்.

• சேஃப்டி செயின்களை டங்குக்கு, அதாவது டிரெய்லரின் முன்னால் நீளும் சட்டத்துக்கு அடியில் குறுக்காக மாட்டுங்கள். கப்ளர் கழன்றாலும் டங் சாலையில் குத்தாமல் சங்கிலிமேல் விழும்.

செய்யக்கூடாதவை

• ஃபிரேமின் மேல், கீழ் விளிம்புகளில் துளை போடாதீர்கள். சட்டம் வளையும்போது அதிக இழுவிசை தாங்குவது அந்த விளிம்புகள். விரிசல் அந்தத் துளையிலிருந்துதான் கிளம்பும்.

• ஹிட்சை ஃபிரேமோடு வெல்டிங் செய்யாதீர்கள். வலுக்கூட்டிய எஃகு அந்தச் சூட்டில் வெல்டிங்கை ஒட்டிய இடத்தில் பலம் இழக்கும். ஊரில் லாரிப் பட்டறையில் வேலை பார்த்தவன் என்று நண்பர் வந்து நின்றாலும், டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

• அளவு பொருந்தாத பாலை மாட்டாதீர்கள். 2 இன்ச் கப்ளர் ஒன்றே முக்கால் அரைக்கால் இன்ச் பால்மேல் பூட்டியதுபோலவே தோன்றும். முதல் பெரிய குழியில் எகிறிவிடும். அளவு பாலின் தலையிலேயே பொறித்திருக்கும்.

• அடாப்டரையும் ஏர் ஸ்பிரிங்கையும் நம்பி எடையைக் கூட்டாதீர்கள். பால் மவுண்ட் சொருகும் சின்ன ரிசீவரைப் பெரிதாக்கிக் காட்டும் அடாப்டர் ஹிட்சின் பலத்தைக் கூட்டாது. ஏர் ஸ்பிரிங் வண்டியை நிமிர்த்தும், ஃபிரேமை பலப்படுத்தாது.

• ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள். ஜாக் ஸ்டாண்ட் வையுங்கள். ஹிட்சும் கனமானது, தூக்கிப் பிடிக்க இன்னொருவர் வேண்டும்.

• சேற்றில் மாட்டிய வண்டியை இழுக்க, ஸ்ட்ராப்பை ஹிட்ச் பாலில் மாட்டாதீர்கள். பால் மேலிருந்து வரும் எடைக்கும் சீரான இழுவைக்கும் செய்தது. வெட்டி இழுத்தால் கழுத்தில் உடைந்து குண்டாகப் பறக்கும். கண்ணாடியைத் துளைத்து ஓட்டுநரைக் கொன்ற சம்பவங்கள் உண்டு. ரிசீவரில் சொருகும் ஷாக்கிள் கடையில் கிடைக்கிறது, அதை வாங்கி வண்டியிலேயே போட்டுவையுங்கள்.

• அரைகுறையாகத் தெரிந்துகொண்டு தொடங்காதீர்கள். யூஹால் போன்ற இடங்களில் ஹிட்சை விற்று மாட்டியும் தருகிறார்கள். கூலி கொடுத்து மாட்டினாலும், எந்த அளவுக்கு முறுக்கினீர்கள் என்று கேட்டு பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.