தண்டு உட்காரும் இடம்

அன்புள்ள மருமகனுக்கு,

பேட்டை ஐடிஐ-யில் ஃபிட்டர் பிரிவில் சேர்ந்ததும் நீ கேட்ட முதல் கேள்வியே சரியான கேள்வி: "ஷாப்ட் சுத்தணும், அவ்வளவுதானே மாமா, அதுக்கு எதுக்கு இத்தனை விதமான பேரிங்?"

தண்டு சுழல்வதோடு நிற்பதில்லை, எதையாவது அழுத்திக்கொண்டே இருக்கிறது. பெல்ட் இழுக்கும் தண்டு குறுக்கே அழுத்தும். நட்டுக்குத்தலாக நிற்கும் தண்டு தன் பாரத்தை நீளவாக்கில் கீழே இறக்கும். இரண்டும் கலந்து வருவதுதான் அதிகம். சுமை வரும் திசையைப் பார்த்துத்தான் பேரிங்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மூத்தது புஷ். மாட்டு வண்டியின் சக்கரக் குடம் வண்டி மையோடு அச்சின் மேல் சுழன்றதும் இந்த வகைதான். குண்டு கிடையாது, உருளை கிடையாது. நடுவில் மசகு மட்டும். அது எப்படிப் பாரம் தாங்குகிறது என்பது 1883-ல் இங்கிலாந்தில் தெரியவந்தது. ரயில் அச்சுகளின் உராய்வைச் சோதித்துக்கொண்டிருந்த பீச்சம்ப் டவர், பேரிங்கின் மேல்பக்கம் போட்ட துளையிலிருந்து எண்ணெய் பொங்கி வருவதைக் கண்டார். மரக்கட்டையால் அடைத்தார். கட்டையையும் எண்ணெய் வெளியே தள்ளியது. சுழலும் தண்டு தானே எண்ணெயை இழுத்து ஆப்பு போல அடியில் செருகிக்கொள்கிறது. அந்தப் படலத்தின் மேல்தான் மிதக்கிறது. இதற்கான கணக்கை 1886-ல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் எழுதினார். இன்றும் கார் எஞ்சினின் கிராங்க் தண்டு இப்படித்தான் ஓடுகிறது.

அதே 1880-களில்தான் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்தில் தாமிரபரணித் தண்ணீரின் விசையை நம்பிப் பஞ்சாலை தொடங்கினார்கள். அக்காலத்து ஆலைகளில் இயந்திரத்துக்கு ஒரு மோட்டார் என்பது கிடையாது. கூரையை ஒட்டி நீளமான தண்டு ஓடும். அதிலிருந்து பெல்ட் இறங்கும். அந்த நீளத் தண்டின் தொல்லையிலிருந்துதான் ஒரு பெரிய கண்டுபிடிப்பு பிறந்தது.

ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் ஸ்வென் விங்க்விஸ்ட் ஒரு நூற்பாலையின் பொறியாளர். ஆலை களிமண் தரையில் நின்றது. தரை அசைய அசையத் தண்டு நேர்கோட்டை விட்டு விலகும். பேரிங்குகள் அடிக்கடி போகும். கரிசலில் வீடு கட்டிச் சுவர் வெடிப்பதைப் பார்த்த நம்மூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தரையைத் திருத்த முடியாது என்றால், தண்டு சாய்ந்தாலும் பொறுத்துக்கொள்ளும் பேரிங்கைச் செய்வோம் என்று அவர் இறங்கினார். வெளி வளையத்தின் உட்புறத்தை ஒரு கோளத்தின் பகுதிபோல் குடைந்து, இரண்டு வரிசைக் குண்டுகளை ஓடவிட்டார். 1907-ல் பிறந்தது தானே நேராகிக்கொள்ளும் பேரிங். அதை வைத்து அந்த ஆண்டே எஸ்.கே.எஃப். நிறுவனமும் பிறந்தது. குண்டுக்குப் பதில் பீப்பாய் வடிவ உருளையை வைத்தால் பாரம் இன்னும் கூடுதலாகத் தாங்கும். கயத்தாறு பக்கம் நீ பார்க்கிற காற்றாலைகளைப் போன்ற பலவற்றின் பிரதான தண்டைத் தாங்குவது அந்த உறவுக்கார பேரிங்தான்.

நூற்பாலையிலேயே இன்னொன்றையும் பார். ரிங் ஃபிரேமின் ஸ்பிண்டில் நிமிடத்துக்கு 15,000 முதல் 20,000 சுற்று வரை ஓடும். அதன் கழுத்தில் ரோலர் பேரிங். அது குறுக்குச் சுமைக்கு. பாதத்தில் ஒரு சிறு கிண்ணம். கூம்பு முனை அதில் உட்கார்ந்து நீளவாட்டச் சுமையை இறக்குகிறது. நீ படிக்கப்போகிற பாடம் முழுவதும் அந்த ஒரு ஸ்பிண்டிலுக்குள் அடங்கியிருக்கிறது.

குண்டு ஒரு புள்ளியில் தொடும். அதனால் லேசாக, வேகமாக ஓடும். உருளை ஒரு கோட்டில் தொடும், பாரம் தாங்கும். டிராக்டர் சக்கரத்தில் இருக்கும் டேப்பர் ரோலர் இரண்டு திசைச் சுமையையும் ஏற்கும், ஆனால் நீளவாட்டில் ஒரு பக்கம் மட்டுமே. அதனால்தான் எதிரெதிராக ஜோடியாகப் போடுகிறார்கள்.

பேரிங் எண்ணையும் படிக்கப் பழகு. 6205 என்றால் முதல் 6, ஆழப் பள்ளக் குண்டு பேரிங். கடைசி 05-ஐ ஐந்தால் பெருக்கு: உள்விட்டம் 25 மில்லிமீட்டர். 04 முதல்தான் இந்தக் கணக்கு. சீலிங் ஃபேனில் வரும் 6202-க்கு உள்விட்டம் 15.

மருமகனே, இதை மட்டும் மறக்காதே. பேரிங் வயதாகிச் சாவது குறைவு. தூசி, தவறான கிரீஸ், கோணல் பொருத்தம், சுத்தியல் ஆகியவைதான் அதைக் கொல்கின்றன. தண்டில் ஏற்றும்போது உள் வளையத்தை மட்டும் தள்ளு. வெளி வளையத்தில் அடித்தால் அந்த அடி குண்டு வழியாகப் போய்ப் பள்ளத்தில் வடு விழும். ஓட்டும் முன்பே அந்த பேரிங் கெட்டுவிட்டது. இறுக்கமாக இருந்தால் சூடாக்கு, ஆனால் 120 டிகிரி செல்சியஸைத் தாண்டாதே. சுமையிலும் கவனம் வேண்டும்: குண்டு பேரிங்கில் சுமை இரட்டித்தால் ஆயுள் எட்டில் ஒன்றாகிவிடும்.

இந்த வாரம் பழைய இரும்புக் கடையில் தேய்ந்த 6205 ஒன்றை வாங்கு. கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஆசிரியரை அருகில் வைத்துக்கொண்டு வெளி வளையத்தை கிரைண்டரில் அறு. குண்டு ஓடிய தடம் நடுவில் இருக்கிறதா, ஒரு ஓரமாக ஒதுங்கியிருக்கிறதா, சாய்வாக ஓடியிருக்கிறதா என்று பார். ஓரமென்றால் நீளவாட்டில் சுமை வந்திருக்கிறது. சாய்வென்றால் தண்டு கோணலாக ஓடியிருக்கிறது. பார்த்ததைப் பென்சிலில் வரைந்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
மாமா